குளிர்கால விசை

பூர்க்டோர்ஃபில், எம்மே ஆற்றுப் பாலத்துக்கு இப்பால்,
சீஸ் கடைக்கும் சாவி வெட்டுகிற கடைக்கும் நடுவே
ரோத்லிஸ்பெர்கரின் கடை.
சனிக்கிழமை, நண்பகலோடு பூட்டு.
பச்சைக் கம்பளத்தில் இரண்டைக் கிடத்திவிட்டு
"தூக்கிப் பாருங்கள்" என்கிறார்,
குக்கர் காட்டும் பாத்திரக்கடைக்காரர் குரலில்.

ஒன்று கறுப்பு, அமெரிக்கச் சாயல்.
மூன்று கிலோவும் கொஞ்சமும்.
தோள்கட்டை நீளும், குறுகும்;
என் ஐந்தடிக்கும் பணிந்து வரும்.
மேலே ஒரு தண்டவாளம்:
தொலைநோக்கி, விளக்கு, இன்னொரு கைப்பிடி,
சம்பளம் வர வர ஒவ்வொன்றாய்ப் பூட்டலாம்.
சுட்டது தோளுக்கே தெரியாதாம்.
ஓடி ஓடிச் சுடுகிற சங்கத்து இளசுகள்
"பவி, காலத்தோடு வா" என்கிறார்கள்.
(பவளராணி அவர்கள் வாயில் அவ்வளவுதான் நீளும்.)

மற்றது ஐம்பத்தேழாம் வருட மாதிரி.
ராணுவம் கைவிட்டது. சடசடப்பை அறுத்து
ஓர் இழுப்புக்கு ஒரு குண்டு என்று அடக்கி
உடம்பில் முத்திரை குத்தி விற்றிருக்கிறார்கள்.
ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.
பின்கட்டை ரப்பரில் யாரோ கீறிய பெயர்: வால்டர்.
இரண்டு கால், விரித்தால் நிற்கும்.
விசையோடு மடிந்து கிடக்கிறது ஒரு நீள விசை,
கையுறை கழற்றாமலே இழுக்க.
எவனோ ஒருவன் மேசையில் உட்கார்ந்து
விறைத்த விரலைப் பற்றி யோசித்திருக்கிறான்.

கேட்க வேண்டியதையெல்லாம் படிவம் கேட்டுவிட்டது.
"நோக்கம்" என்ற கட்டத்தில்
"விளையாட்டு" என்று எழுதினேன்.
எழுதிவிட்டுப் பேனையை மூடக் கொஞ்சநேரம் ஆனது.
ஐந்தாம் வருடம் ஒருமுறை, பத்தாம் வருடம் ஒருமுறை
இன்னும் விளையாடுகிறேன் என்று
போலீசுக்கு நிரூபிக்க வேண்டும்.

பல் செய்கிற ஆய்வகத்தில் என் வேலை.
மில்லிமீட்டரில் பத்திலொன்று பிசகினாலும்
யாரோ ஒருவருக்கு ஆப்பிள் கடிக்க முடியாது.
அந்தக் கைதான் முந்நூறு மீட்டருக்கு அப்பால்
கறுப்பு வட்டத்தின் நடுவைத் தொடுகிறது.
இடையில் புல்வெளி, வேலிக்குப் பின்னால் மாடுகள்;
வெடி கேட்டு நிமிராத மாடுகளை
இங்கேதான் முதலில் கண்டேன்.

முதலில் கறுப்பை எடுத்தேன்.
எடுத்த கணத்தில்
முழங்கால் மடிந்தது, தோள் குறுகியது,
முகம் தானாக வாசல் பக்கம் திரும்பியது.
யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.
பரந்தன் சந்தியில் பஸ்ஸை மறித்து ஏறியவர்கள்
இப்படித்தான் நின்றார்கள்;
நான் சன்னலோரம் இருந்தேன், மடியில் கணக்குக் கொப்பி.
கம்பளத்தில் திரும்ப வைத்தேன்,
பால் சட்டியை இறக்குகிற மாதிரி.

ஐம்பத்தேழைத் தூக்கினால் கை தொங்குகிறது.
நின்று பிடிக்க எனக்கு வலுவில்லை.
ரோத்லிஸ்பெர்கர் பாய் விரித்தார்.
வேலைக்குப் போடும் நல்ல காற்சட்டையோடு
கடை நடுவில் குப்புறப் படுத்தேன்.
தோட்டா வாங்க வந்த ஒருவர்
"மன்னிக்கவும்" என்று என் காலைத் தாண்டிப் போனார்.
கீழிருந்து பார்த்தால்
எல்லாத் துப்பாக்கிகளும் வெறும் அலமாரி.

"தோள் வலிக்கும்" என்றார்.
"கறுப்பைக் கொண்டு ஊர்த் திருவிழாச் சுடுதலில்
சேர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்."
அதற்காக எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டு
நூறு பிராங்க் குறைத்தார்.

குகநேசன் காரைவிட்டு இறங்கவில்லை.
கண்ணாடிக்குப் பின்னால் வாகனத் தரிப்புத் தட்டையே
ஒரு மணிநேரமாய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பின்கதவைத் திறந்ததும் வந்து
பொன்னி அரிசிப் பையை வலப்பக்கம் நகர்த்தினார்.
"பாரமோ?"
"அரிசியைவிடக் கொஞ்சம்."
கத்தரிக்காய்ப் பையை அதன்மேல் வைக்கப் போய்
வேண்டாமென்று முன்சீட்டில் வைத்தார்.

லாங்நாவ் தாண்டும்வரை பேச்சில்லை.
ரயில் நிலையத்தில் லீவுக்குப் போகும் பையன்கள்,
தோளில் ராணுவத் துப்பாக்கி, கையில் சாண்ட்விச்.
அவர்களையும் பார்க்காமல் கேட்டார்:
"அந்த நீளக் கம்பி எதுக்கு?"
"குளிருக்கு."
அவர் ஹீட்டரைக் கூட்டினார்.